திருநர்களுக்குத் துணை நிற்பது: சேலத்து விண்ணப்பக் கடையிலிருந்து

சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் சின்னக் கடை என்னுடையது. திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் காலையிலேயே வாசலில் ஆள் நிற்கும். சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு திங்கட்கிழமை, ஒரு திருநங்கை வந்து பிளாஸ்டிக் கவரைப் பிரித்து மேஜையில் காகிதங்களை அடுக்கினார். ஆதார், ரேஷன் அட்டை நகல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். மற்றதையெல்லாம் நேராக வைத்தவர் மதிப்பெண் சான்றிதழை மட்டும் கவிழ்த்து வைத்தார். நான் அதை எடுத்துத் திருப்பி, டைப் அடிப்பதற்காக, வழக்கம்போலப் பெயரைச் சத்தமாகப் படித்தேன். ஆண் பெயர். வரிசையில் பின்னால் நின்ற பத்துப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருவர் சிரித்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனாலும் எத்தனையோ வருஷம் போராடிக் கழற்றி வைத்த ஒரு பெயரை, பத்துப் பேர் நடுவில் மறுபடியும் அவர் கழுத்தில் மாட்டியது நான். அன்றிலிருந்துதான் இதைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன். அவர் இன்றைக்கு எனக்கு அக்கா, என்னைக் ‘கண்ணு’ என்பார். இங்கே எழுதுவதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. பெயர் மட்டும் போடாதே என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்கிறவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்கிறவர் திருநம்பி. இவர்களையும், இந்த இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துச் சொல்ல திருநர் என்ற சொல் இருக்கிறது. முன்பு ஊரில் புழங்கியதெல்லாம் பெரும்பாலும் வசவுதான். கொஞ்சம் மரியாதையோடு இருந்தது அரவாணி, கூவாகத்தில் சித்திரை மாதம் அரவான் என்கிற கூத்தாண்டவர் பெயரில் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்து அழுகிற வழக்கத்தை ஒட்டி வந்த பெயர், மூத்தவர்களில் சிலர் இன்றைக்கும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். திருநங்கை என்பது கலைஞர் ஆட்சிக் காலத்தில் அரசு வழக்குக்கு வந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது, அந்த நாள்தான் இங்கே திருநங்கையர் தினம். சரியாக ஆறு வருஷம் கழித்து, 2014-ல் அதே ஏப்ரல் 15 அன்று, உச்ச நீதிமன்றம் தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் சொன்னது.

எப்படிக் கூப்பிடுவது என்று பலர் தயங்குகிறார்கள். தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. அவர், அவங்க, வாங்க, சொல்லுங்க, இதிலெல்லாம் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, மரியாதை மட்டும்தான் இருக்கிறது. தெரியாத ஒருவரிடம் இப்படித் தொடங்கினால் தப்பாகவே போகாது. அப்புறம் பழக்கம் வந்தபின் அக்காவா, தம்பியா, அண்ணனா என்று அவர்களே காட்டிக்கொடுத்துவிடுவார்கள், காட்டாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம். நம் இலக்கணத்திலேயே இது பேசப்பட்டிருக்கிறது என்பது எனக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்தது. நன்னூலில், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலிலும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வருகிறது. உடம்பைப் பார்த்துச் சொல் என்று அங்கே இல்லை, எதை அவாவுகிறார் என்று பார்க்கச் சொல்கிறது. கிட்டத்தட்ட எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய நூல். ஆனால் முழுசாகச் சொல்லிவிட வேண்டும், அதே விதியின் கடைசி வரி, இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று முடிகிறது. நம் தெருக்கள் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வரியை. ‘அது வருது பாரு’ என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல் கேட்கிறதே, அந்த ‘அது’வை நிறுத்துவதுதான் துணை நிற்க நினைக்கிறவருக்கு முதல் வேலை. திருநங்கை முன்னால் யாரும் அப்படிச் சொல்லாமல் இருக்கலாம். அவர் தாண்டிப் போனபின் நம் நண்பர்கள் சொல்வார்கள், நம் சித்தப்பா சொல்வார். அங்கே வாயைத் திறக்க வேண்டியது நாம்தான், ஏனென்றால் அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

என் தொழிலில் எல்லாம் கட்டங்கள்தான். பெயர், தகப்பனார் பெயர், பாலினம். இதில் பாலினம் என்ற ஒரு கட்டம் எவ்வளவு பெரிய சுவர் என்பதற்கு எங்கள் ஊர்ப் பெண்ணே சாட்சி. சேலத்தைச் சேர்ந்த திருநங்கை பிரித்திகா யாஷினி போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் தவிர வேறு இடம் இல்லை, விண்ணப்பமே நிராகரிக்கப்பட்டது. கோர்ட்டுக்குப் போனார். தேர்வு எழுத அனுமதி வாங்கினார், உடல்தகுதித் தேர்வில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகப் பிந்தியதற்காக மறுபடி ஒரு சண்டை. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு வேலை கொடுக்கும்படி உத்தரவிட்டது, 2017-ல் தொப்பூர்க் கணவாயைத் தாண்டி பக்கத்துத் தர்மபுரியில் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்றார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வழக்கு போட வேண்டியிருந்தது. எல்லோராலும் வழக்கு போட முடியுமா?

முடியாதவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை அக்காவின் காகிதங்களில் பார்க்கலாம். ஆதாரில் பெயர் மாறிவிட்டது, பள்ளிச் சான்றிதழில் பழைய பெயர், ரேஷன் அட்டையில் பெயரே இல்லை, பெற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். ஒரு காகிதம் இன்னொன்றோடு ஒட்டவில்லை என்றால் வங்கிக் கணக்கு ஆகாது, வேலைக்கு மனு போட முடியாது. 2019-ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கிறது) மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழுக்கு வழி செய்தது, அதற்கென்று மத்திய அரசின் இணையதளமும் வந்தது. நல வாரிய அட்டை தனி. அரசிதழில் பெயர் மாற்றுவது தனி. ஒவ்வொன்றுக்கும் நடக்க வேண்டும், ஒவ்வொரு மேஜையிலும் யாரோ ஒருவர் பழைய பெயரைச் சத்தமாகப் படிப்பார். கூட ஒருத்தர் போவது எவ்வளவு பெரிய உதவி என்று போனபோதுதான் புரிந்தது. பேச வேண்டியதுகூட இல்லை. பக்கத்தில் நின்றாலே மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் குரல் மாறுகிறது, சிரிக்க வந்தவர் சிரிப்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் 22,364 பேர். கணக்கெடுக்க வருகிறவரிடம் வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் பதிவாகும், வீட்டை விட்டு வந்தவரைப் பற்றி வீடு சொல்லாது, வீட்டுக்குள் இருக்கிறவர் வாய் திறந்திருக்க மாட்டார். அதனால் இந்த எண்ணைக் குறைந்தபட்சம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். அக்கா அம்மாப்பேட்டையில் வாடகைக்கு வீடு தேடினார். தறிச் சத்தம் கேட்கும் ஒரு சந்தில், மேல்மாடியில் ஓர் அறையும் சமையலறையும். வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மண்டி. போனில் பேசியபோது ஒரு அட்வான்ஸ் சொன்னார், நேரில் அக்காவைப் பார்த்ததும் அது இரண்டு மடங்கானது. அதற்கும் சரி என்றபோது, “இல்லீங்க தம்பி, பக்கத்துல வயசுப் புள்ளைங்க இருக்குது, நாலு பேரு கேப்பாங்க” என்றார். இதே மனிதர் தன் மண்டியில் புதுக் கணக்கு போட்ட நாளில் திருநங்கைகளை வரவழைத்துப் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழித்தவர், அக்காவே போய்ச் சுற்றியிருக்கிறார். கையில் ரூபாய் வைத்துக் கும்பிட்டு ஆசி வாங்கியவர், அந்தக் கை தன் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு ஒப்பவில்லை. நம்மில் ரொம்பப் பேர் இப்படித்தான் இருக்கிறோம், ஆசிக்கு வேண்டும், அக்கம்பக்கத்துக்கு வேண்டாம். வாடகைக்கு வீடு மறுப்பதும் பாகுபாடு என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி வாங்கிய வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன், பெரிய உதவி செய்கிற நினைப்பில். என் பெயரில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், நீங்கள் இருந்துகொள்ளுங்கள் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். “உன் பேர்ல இருந்தா அது உன் வீடு கண்ணு. நாளைக்கு நான் கேஸ் கனெக்‌ஷன் எடுக்கணும்னா எந்தக் காயிதத்தைக் காட்டுவேன்? நீ கூட வந்து பேசு. பேரு என்னோடதா இருக்கட்டும்.” நாளெல்லாம் முகவரிச் சான்று ஸ்கேன் செய்கிற எனக்கு இது தோன்றவில்லை. துணை நிற்பது என்றால் என்ன என்பதை எனக்குச் சரியாகச் சொன்ன வார்த்தை அதுதான். அவர்கள் இடத்தில் நாம் போய் உட்கார்ந்துகொண்டு காரியத்தை முடித்துக் கொடுப்பதில்லை. அவர்கள் பெயர் அவர்கள் காகிதத்தில் ஏறும்வரை கூட நிற்பது.

மூன்று முறை போனேன். வீட்டுக்காரரிடம் பேசிப் பயனில்லை, அவர் மனைவியிடம் பேசினேன், மூன்றாவது தடவை என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா நீட்டி முழக்கவில்லை. “எம் பையன் கடைக்கு மூணு வருஷமா வர்ற புள்ளை, நாங்க பார்த்த புள்ளை” என்றார், அவ்வளவுதான். ஊரில் யாரோ ஒருவர் ‘எனக்குத் தெரிந்த பிள்ளை’ என்று சொல்வதற்கு இருக்கிற மதிப்பு எந்தச் சட்டப் பிரிவுக்கும் இல்லை. வீட்டை விட்டு வந்தவருக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்காது. முதலில் சொன்ன அதே அட்வான்ஸுக்கு, அக்கா பெயரிலேயே ஒப்பந்தம் ஆனது. நான் சாட்சிக் கையெழுத்து போட்டேன்.

அம்மாவைப் பற்றி இன்னொன்று. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு முறை மூவரும் வந்தோம். பெண்களுக்குக் கொண்டுவந்த கட்டணமில்லாப் பயணம் 2021 ஜூனிலேயே திருநங்கைகளுக்கும் விரிவானது, அதனால் கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நிற்க இடமில்லாத பஸ்ஸில் அக்கா பக்கத்து சீட் மட்டும் காலி. பெண்கள் பக்கம் என்பதால் நான் உட்கார முடியாது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் “நகரும்மா” என்று உட்கார்ந்து, இறங்கும்வரை பூ மார்க்கெட்டில் மல்லி விற்கும் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அடுத்த தடவை பஸ்ஸில் அப்படி ஒரு காலி சீட்டைப் பார்க்கிற பெண்கள், தயவுசெய்து உட்காருங்கள்.

திருநங்கைகள் கடை கடையாகப் போய்க் காசு கேட்பதைக் கடை கேட்பது என்பார்கள். ‘கடை கேட்க வந்து தொந்தரவு பண்ணுகிறார்களே’ என்று கடைத்தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கடைக்காரன், அந்தக் கோபம் எனக்குத் தெரியும், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பதினாலு பதினைந்து வயதில் நடையும் பேச்சும் மாறுகிறது, வகுப்பில் ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கிறார்கள், ஆண்கள் கழிப்பறைக்குப் போக பயந்து நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளை ஒரு நாள் பள்ளிக்குப் போவதையே நிறுத்துகிறது. வீட்டில் அடி. ஓடி வந்தபின் சேர்த்துக்கொள்கிற ஒரே இடம் ஜமாத் என்கிற திருநங்கைகளின் குழு, அங்கே மூத்த திருநங்கை ஒருவர் மகளாக எடுத்துக்கொள்கிறார், சோறு போடுகிறார், அறுவை சிகிச்சை முடிந்து நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்கில் தாயாக நின்று நடத்துகிறார். பெற்றவள் செய்ய வேண்டியதை அவர் செய்கிறார். ஆனால் அவரிடமும் வேலை இல்லை, சான்றிதழ் இல்லை. கடை கேட்பதைத் தவிர அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? அதற்கு எரிச்சல்படுகிற கடைக்காரர்களில் எத்தனை பேர் கல்லாவில் உட்காரவோ, பில் போடவோ ஒரு திருநங்கையை வேலைக்குக் கேட்டிருக்கிறோம்? இதில் சாதியும் குறுக்கே வருகிறது. 2015-ல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது, பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கு அதனால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சாதிப் பிரிவுக்கு உள்ளேயும் திருநருக்குத் தனி இடம் வேண்டும், அதாவது கிடைமட்ட இட ஒதுக்கீடு வேண்டும் என்று திருநர் உரிமைக்காகப் போராடும் கிரேஸ் பானு போன்றவர்கள் பல வருஷமாகக் கேட்பது இதற்காகத்தான்.

பேச்சில் கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆபரேஷன் ஆயிடுச்சா’ என்று கேட்காதீர்கள், வேறு யாரிடமாவது முதல் சந்திப்பில் உள்ளாடைக்குள் இருப்பதைப் பற்றிக் கேட்போமா? ‘உண்மையான பேரு என்ன’ என்றும் வேண்டாம், அவர் சொன்னதுதான் உண்மையான பெயர். ‘பொம்பளை மாதிரியே இருக்கீங்க’ என்பது பாராட்டு என்று நினைத்துச் சொல்வார்கள், அந்த ‘மாதிரி’ குத்தும். ஒருவர் நம்மிடம் மட்டும் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது, நல்லெண்ணத்தில் என்றாலும், அவர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் போக்கிவிடும். திருநம்பிகள் விஷயத்தில் இது இன்னும் ஆபத்து. சேலத்தில் திருநம்பிகளே இல்லையே என்பார்கள். பெண் பிள்ளை என்று வளர்க்கப்பட்டவரை வீடு வெளியே விடாது, விஷயம் தெரிந்தால் அவசரமாக மாப்பிள்ளை பார்க்கும், ஓடிப் போனால் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுக்கும். அவர்களுக்குப் பெரிய ஜமாத்தும் கிடையாது. கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

ஒருவரையொருவர் நேசித்து இப்படி வீட்டை விட்டு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில்தான் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ சிகிச்சை கொடுத்து மாற்றும் முயற்சிக்குத் தடை விதித்தார். தனக்கே இதில் புரியாதது இருக்கிறது என்று திறந்த மனதோடு ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். பதவியில் இருக்கிற ஒருவர் ‘எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்’ என்றது அந்தத் தீர்ப்பை விடவும் என்னைத் தொட்டது. அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் சிகிச்சை செய்வது மருத்துவருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இந்த விவரமெல்லாம் எனக்கு வீட்டுக்குள்ளேயே தேவைப்பட்டது. என் பெரியம்மா மகள் குடும்பம் ஏற்காட்டில், காபித் தோட்ட வேலை. அவள் பெண்ணுக்குப் பதினெட்டு வயது, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுகிறவள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) ஒரு நாள் பெரியம்மா மகள் போனில் குரலைத் தாழ்த்தி, “தம்பி, இதுக்கு டவுன்ல நல்ல டாக்டரு யாராச்சும் இருக்காங்களா?” என்றாள். எதுக்கு டாக்டர், பிள்ளைக்குக் காய்ச்சலா என்றேன். அழுதாள். காய் பறிப்பு முடிந்ததும் கல்யாணம் முடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சாம்.

நான் அதற்குள் பத்துப் பேருக்குப் புத்தி சொல்லும் ஆளாகியிருந்தேன், மலைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் ‘நீ திருநம்பியா, தயங்காமல் சொல்லு’ என்று கேட்டும்விட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “இல்லைங்க மாமா, நான் பொண்ணுதான். எனக்கு இப்படி இருக்கத்தான் புடிக்குது” என்றாள். அங்கேயும் நான்தான் அவசரப்பட்டேன். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற அளவுக்குள் நிற்காத எல்லோரும் திருநர் இல்லை. சிலருக்கு உடையும் நடையும்தான் வேறு, சிலர் பின்னால் வேறு பெயர் சொல்லலாம், சிலர் எந்தப் பெயரும் சொல்லாமலே இருக்கலாம். வீட்டார் ஒரு முத்திரை குத்துகிறார்கள் என்று சண்டைக்குப் போனவன், கையில் இன்னொரு முத்திரையோடு நின்றேன்.

பெற்றவர்களிடம் பேசியதுதான் நீண்ட வேலை. தீர்ப்பு, மருத்துவம் எல்லாம் ஒரு தரம் சொன்னேன், அது அவர்கள் காதில் ஏறவில்லை. அக்காவைப் பற்றிச் சொன்னேன், பதினைந்து வயதில் வீட்டை விட்டு வந்து இன்றுவரை தன் அம்மா முகத்தைப் பார்க்காததை. பெரியம்மா மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தம்மாவுக்குப் புள்ளை ஞாபகம் வராதா?” என்று கேட்டாள். கல்யாணப் பேச்சு தள்ளிப் போயிருக்கிறது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் கல்லூரி விண்ணப்பம் போட அந்தப் பெண் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி என் கடைக்கு வந்தாள். அன்றைக்கும் வரிசையில் கூட்டம். பெயரை நான் வாசிக்கவில்லை, இப்போது யாருடையதையும் வாசிப்பதில்லை, திரையை அவர்கள் பக்கம் திருப்பிச் சரிபார்க்கச் சொல்கிறேன். பாலினம் என்ற கட்டம் வந்ததும் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினேன். பெண் என்பதை அழுத்திவிட்டு, “அடுத்து என்னங்க மாமா?” என்றாள்.